ஒரு சதமும் குறையாத கார்

1. பொனற் மூடப்பட்டது

கண்டாவளை ஓவசியர் தமது காரின் பொனற்றை மூடிய வேகத்தில் என் விரல்கள் தப்பியதே பெரிய காரியம்.

"காணும். இந்தக் கார் இனி விற்பனைக்கில்லை. போயிட்டு வாங்கோ" என்றார்.

நாங்கள் இன்னும் விலை பேசவே தொடங்கவில்லை. அதற்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. காரை வாங்க வந்தவர் என் பக்கத்தில் நின்ற அந்தோனிப்பிள்ளை. முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்த கத்தோலிக்கர். கரைவலைக் கயிறு சுற்றி இறுக்கியதில் இடது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போய்விட்டன. வலை இழுக்க முடியாத கை, ஸ்ரியறிங் பிடிக்குமளவுக்கு மிஞ்சியிருந்தது. முன்பு மீன் லொறி ஓட்டிய லைசென்சும் இருந்தது. ஆகவே வள்ளத்தில் தமக்கிருந்த பங்கையும் வலையையும் விற்று, ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைப்பது என்று முடிவு செய்திருந்தார். நாலு பிள்ளைகள். திரும்பிப் போய் ஏற வள்ளமும் இல்லை, ஏறினாலும் கை உதவாது. அந்தக் கார் கிடைக்காவிட்டால் அவருக்கு வேறு வழி ஒன்றும் இல்லை.

அந்த வழியைத்தான் நான் அரை மணித்தியாலத்தில் அடைத்திருந்தேன். அதுவும் நன்றாக வேலை செய்து அடைத்திருந்தேன்.

2. நொட்டை சொல்லும் தொழில்

இன்றைய பொடியன்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அறுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து கார் இறக்குவதை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்தது. புதுக் கார் என்பது பேப்பரில் படமாகப் பார்க்கிற சாமான். அதனால் கோழி அடைக்கிற நிலைக்கு வந்த கார்களைக்கூட ஆட்கள் கழுவிப் பொட்டு வைத்து விலை சொன்னார்கள். வாங்கப் போகிறவர்கள் தனியே போகப் பயந்து, கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பஸ் காசும், ஒரு நேரச் சாப்பாடும், கையில் ஏதோ கொஞ்சமும் தருவார்கள்.

எனக்குத் தொழில் பழக்கியவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜ் முதலாளி. அவருடைய பாடம் மிகவும் சுருக்கமானது. "கார் பாக்கப் போனால் நொட்டை சொல்லோணும். பலமாய்ச் சொல்லோணும். ஒவ்வொரு நொட்டைக்கும் ஐம்பதோ நூறோ இறங்கும். நல்லதைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு நில்." பட்டணத்து வியாபாரிகளிடம் இந்தப் பாடம் ஒருநாளும் பொய்த்ததில்லை. நான் ஒரு நொட்டை சொல்ல, அவர்கள் ஒரு பொய் சொல்ல, நடுவில் எங்கேயோ விலை வந்து நிற்கும். பிறகு எல்லோரும் சேர்ந்து சோடா குடிப்போம்.

கண்டாவளை ஓவசியர் வியாபாரி இல்லை. நீர்ப்பாசனப் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து, வாய்க்கால் வெட்டுவித்து, கடைசியில் அந்த வாய்க்கால் பாய்கிற இடத்திலேயே காணி எடுத்துக் குடியேறிய யாழ்ப்பாணத்து மனிதர். வேலையை விட்டு வருசங்கள் ஆகியும் ஊர் அவரை ஓவசியர் என்றுதான் கூப்பிட்டது. அவரும் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. கார் நாலு கதவுள்ள இங்கிலாந்துக் கார். எந்தக் கொம்பனி என்று சொன்னால் இன்றைக்கும் அதை வைத்திருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன். தகரக் கொட்டகைக்குள் நின்றது. முன்னுக்கு எலுமிச்சங்காய், கண்ணாடியில் சந்தனம். விலை ஆறாயிரம் என்று ஊருக்கே சொல்லிவைத்திருந்தார்.

அந்தோனிப்பிள்ளையிடம் இருந்தது ஐயாயிரத்து நானூறு. அது அவருடைய மனைவி திரேசம்மாவின் கைப்பெட்டிக்குள் இருந்தது. காசை அவரிடம் கொடுக்க அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லாததால் அவரும் கூட வந்திருந்தார்.

ஒரு தனி ஆள் கார் விற்கிறார் என்றால் கண்டாவளையில் அது நாலு வீட்டு விசயம். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துக்குள் அயலட்டை முழுவதும் வேலியடியில் நின்றது. சனம் கூடினால் எனக்கும் உசார் வரும். பொனற்றைத் திறந்தேன்.

"எஞ்சின் புகைக்குது. பிஸ்ரன் றிங் முடிஞ்சுது" என்றேன், வேலியடிக்கும் கேட்கக்கூடியதாக.

"அது காலமையில் ஸ்ராற் பண்ணினால் கொஞ்சம் புகைக்கும்" என்றார் ஓவசியர்.

"கொஞ்சமோ? நுளம்புக்குப் புகை போட இதை விட்டாப் போதும்."

வேலியடியில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காருக்குக் கீழே படுத்துப் போய், அங்கிருந்தே அறிக்கை வாசித்தேன். ஓவசியர் பல வருசம் ஆனையிறவைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போனவர். உப்பளத்துக் காற்றுக் குடித்த கார் எப்படித் துருப்பிடித்திருக்குமோ அப்படி அதன் அடிச்சட்டம் இருந்தது. "சேசிஸைக் கறள் திண்டிட்டுது. ஸ்குறூ டிறைவரால் குத்தினால் உள்ளுக்குப் போகுது, பாருங்கோ" என்று குத்தியும் காட்டினேன். முன் சில்லைப் பிடித்து ஆட்டி, "கிங் பின்னும் சரியில்லை" என்றேன். முன் மட்காட்டில் ஒரு நெளிவு இருந்தது. புதிய நெளிவு. "இதென்ன, எங்கையோ கொண்டுபோய் இடிச்சிருக்கிறியள் போலை?" என்று கேட்டபடி வெளியே வந்து, மறுபடி எஞ்சினுக்குள் கையை விட்டேன்.

அப்போதுதான் பொனற் மூடப்பட்டது.

"நீர் கார் பாக்க வந்தனீரோ, என்னைப் பாக்க வந்தனீரோ?" என்று ஓவசியர் கேட்டார். "ஆறாயிரத்திலை ஒரு சதம் குறைச்சு வித்தால் நான் ஓவசியர் இல்லை. உமக்கு நான் விக்கவும் மாட்டன்."

3. குசினியில் நடந்தது

பஸ்சுக்கு நின்ற இடத்தில் நிழல் இல்லை. அந்தோனிப்பிள்ளை என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நீங்கள் உங்கட வேலையைச் செய்தனீங்கள்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வராத குறை. எல்லாம் உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

திரேசம்மா பின்னால் ஆறுதலாக, மெல்ல நடந்து வந்தார். நான் காருக்குக் கீழே அறிக்கை வாசித்த நேரம் அவர் ஓவசியரின் மனைவி கனகம்மாவோடு குசினிக்குள் இருந்திருக்கிறார். தேத்தண்ணி குடித்த முகத்தோடு வந்தவர், எங்களைப் பார்த்து, "ரெண்டு ஆம்பிளையளும் நல்லாய்த்தான் கார் பாத்தனீங்கள்" என்றார்.

"ஏன்?" என்றார் அந்தோனிப்பிள்ளை.

"அந்தாளுக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது. றோட்டுத் தெரியாது. போன மாசம் வாய்க்கால் கட்டிலை ஏத்தி, முன்சில்லு தொங்கிக்கொண்டு நிண்டதாம். கனகம்மா அக்கா சாமியறையிலை விழுந்து கும்பிடுறா, இந்தக் கார் வீட்டை விட்டுப் போகோணும் எண்டு. அவருக்கு அதை வெளியிலை சொல்ல வெக்கம். புதுக் கார் எடுக்கப் போறன் எண்டு சொல்லித்தான் விக்கிறார்."

எனக்கு அந்த நெளிந்த மட்காட் ஞாபகம் வந்தது. ஊர் முழுக்க நிற்க, எங்கே இடித்தீர்கள் என்று அவரிடம் கேட்ட ஆள் நான்.

"அப்ப விலையைக் குறைக்கச் சொல்லி அவாவைக் கேட்டனீரோ?" என்றார் அந்தோனிப்பிள்ளை.

"கேட்டனான். அவர் குறைக்கமாட்டாராம். ஊருக்குச் சொன்ன விலையாம். எங்களிட்டை எவ்வளவு இருக்குதெண்டு கேட்டா. சொன்னன். வருசப் பிறப்புக்குக் கைவியளம் குடுக்கிற நேரத்துக்கு வீட்டை வரட்டாம். காசையும் கொண்டு வரட்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மெக்கானிக் தம்பியும் வரலாமாம். வாய் திறக்கக் கூடாதாம்."

4. கைவியளம்

கைவிசேடத்தை எங்கள் பக்கத்தில் கைவியளம் என்போம். சித்திரை வருசப் பிறப்பன்று பஞ்சாங்கத்தில் போட்ட நல்ல நேரம் பார்த்து, வீட்டுப் பெரியவர் வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துச் சின்னவர்களுக்குக் கொடுப்பது. அந்தக் காசு வருசம் முழுவதும் பெருகும் என்று நம்பிக்கை. காசென்றால் சில்லறைதான். ஒரு ரூபா கிடைத்தால் அந்த வீட்டுக்காரர் பெரிய மனம் படைத்தவர்.

அன்றைக்கு நாங்கள் மூவரும் போனோம். ஓவசியர் குளித்து, திருநீறு பூசி, சாமியறைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. என்னை அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் வணக்கம் சொல்ல வாயெடுக்க, கனகம்மா ஒரு தட்டுப் பயத்தம் பணியாரத்தை என் கையில் தந்து, "தம்பி, சாப்பிடும். சாப்பிட்டு முடியும் வரைக்கும் சாப்பிடும்" என்றார். வாய் நிறையப் பணியாரத்தோடு ஒரு மூலையில் இருந்தேன்.

பிள்ளைகள், மருமக்கள், வயல் வேலைக்காரர் எல்லோரும் வரிசையாக வாங்கினார்கள். எனக்கு ஐம்பது சத நாணயக் குத்தி ஒன்று கிடைத்தது. கடைசியாக அந்தோனிப்பிள்ளை முன்னுக்குப் போனார்.

"ஐயா, நாங்கள் வேதக்காரர்" என்றார், கூச்சத்தோடு.

"காசு சைவமோ வேதமோ எண்டு ஆர் பாத்தது? கையை நீட்டும்" என்றார் ஓவசியர். "பிள்ளையள் எத்தினை?"

"நாலு, ஐயா."

"அப்ப நாலு பேருக்கும், உமக்கும், மனிசிக்கும் சேர்த்து."

வெற்றிலைக்குள் மடித்து வைத்திருந்தது அறுநூறு ரூபா. வெற்றிலை மூடவில்லை, நூறு ரூபாத் தாள்கள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தன. ஓவசியர் அதை நீட்டினார். ஆனால் அந்தோனிப்பிள்ளை நின்ற பக்கத்துக்கு நீட்டவில்லை, அவருக்குப் பக்கத்தில் இருந்த தூணுக்கு நீட்டினார். கனகம்மா ஒன்றும் நடக்காத மாதிரி அவருடைய முழங்கையைத் தொட்டு மெல்லத் திருப்பிவிட்டார். அந்தோனிப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கினார். மடங்காத இரண்டு விரல்களும் வெற்றிலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பிறகு எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். அயலட்டையும் வருசத்துக்கு வந்து நின்றது. திரேசம்மா கைப்பெட்டியைத் திறந்து ஐயாயிரத்து நானூறை எடுத்தார். அந்தோனிப்பிள்ளை அதன் மேல் இந்த அறுநூறையும் வைத்து, ஓவசியரின் கையில் கொடுத்தார். வீட்டுக்குள்ளிருந்து வந்த தாள்கள் வெற்றிலை மணத்தோடு அதே வீட்டுக்குள் திரும்பிப் போயின. ஓவசியர் எண்ணவில்லை. மகனிடம் கொடுத்து எண்ணச் சொன்னார், பலமாக எண்ணச் சொன்னார்.

"ஆறாயிரம்" என்றான் மகன்.

"கேட்டியளே?" என்றார் ஓவசியர் வேலியடியைப் பார்த்து. "ஒரு சதம் குறைக்கேல்லை. அந்த மெக்கானிக் எங்கை? அண்டைக்குப் பெரிய கதை கதைச்சவர். நீர் சாட்சி. கார் எவ்வளவுக்குப் போச்சுது?"

நான் வந்திருப்பதைக் கனகம்மா அவருக்குச் சொல்லியிருக்கிறார். வாயில் கிடந்த பணியாரத்தை விழுங்கினேன். "ஆறாயிரம், ஐயா."

அதற்குமேல் அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கார் வந்து தம்மைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும், தாம் முன் சீற்றில் இருப்பார். அந்தோனிப்பிள்ளை சம்மதித்தார். எத்தனையோ வருசம் ஓட்டினார் அந்தக் காரை. நான் றிங் மாற்றிக் கொடுத்தேன், சேசிஸுக்கு ஒட்டுப் போட்டேன். முல்லைத்தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைத்தாய்ச்சிகளும் தேவாலயத்துக்குப் போன மணப்பெண்களும் அதில்தான் போனார்கள். பிள்ளைகள் நாலு பேரும் அந்தக் காரின் உழைப்பில் படித்தார்கள். முன் சீற்றில் இருந்த ஓவசியர் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும், "கியரை மாத்தும், வளைவு வருது" என்று சொல்லிக்கொண்டு போவாராம். வளைவு எங்கே வருகிறதென்று அவருக்குக் கண் இல்லாமலே தெரியும். அந்த றோட்டுக்குக் கல்லுப் போடுவித்ததே அவர்தான்.

5. சந்தை விலை

இந்தத் தொழிலுக்கு வருகிற பொடியன்களுக்கு நான் சொல்வது இதுதான். காரில் இருக்கிற பிழையைக் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தையில்லை. டோர்ச்சும் ஸ்குறூ டிறைவரும் இருந்தால் போதும். மனிதர் ஏன் விற்கிறார் என்பதை அறிந்துவிட்டுப் பொனற்றைத் திறவுங்கள். பிழையைச் சொல்லவேண்டியிருந்தால் வாங்குகிறவரின் காதுக்குள் சொல்லுங்கள். வேலியடிக்குச் சொன்னால் விலை இறங்காது, மனிதர்தான் இறங்குவார்.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய பீஸ் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். பிறகொரு காலத்தில் கராஜ் கொஞ்சம் நிமிர்ந்து, எனக்கென்று ஒரு கார் வாங்கலாம் என்று பரந்தனில் ஒரு பள்ளிக்கூட மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். கண்டாவளைக் காரின் அதே ரகம், அதே வயது. நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் பெறாது. பொனற்றைத் திறந்தேன், பார்த்தேன், ஒரு நொட்டையும் சொல்லாமல் மெல்ல மூடினேன். விலை கேட்டேன்.

"ஆறாயிரம்" என்றார் மாஸ்ரர்.

"கொஞ்சம் கூடிப்போச்சுது, மாஸ்ரர்."

"என்ன கூட? புகைக்கிற கார், உப்புத் திண்ட கார், கண்டாவளை ஓவசியரின்ரை கார். அது ஆறாயிரத்துக்குப் போனதெண்டு பரந்தன் முழுக்கத் தெரியும். நீர்தானாமே சாட்சி? உண்மையோ பொய்யோ, நீரே சொல்லும்."

கைவியளத்து உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அறுநூறு இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் கதைத்தால் ஆயிரம்கூட இறங்கியிருக்கும். ஆனால் பரந்தனில் சொல்கிற கதை பொழுதுபடமுன் கண்டாவளைக்குப் போய்விடும். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அந்த மனிதர் வேட்டி கட்டி, முன் சீற்றில் ஏறி இருப்பார், சந்தியில் நிற்கிற சனம் அவரைப் பார்க்கும்.

"உண்மைதான், மாஸ்ரர்" என்றேன். "ஆறாயிரம். ஓவசியர் ஒரு சதம் குறைக்கேல்லை."

என்னிடம் காசை எண்ணி வாங்கியபோது மாஸ்ரரும் குறைக்கவில்லை.