எழுபத்திரண்டு கேப்டன்கள், ஒரு பீரோ

காமிக்ஸ் சேகரிப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் காமிக்ஸ் சேகரித்திருக்க மாட்டார்கள். அது முழுநேர உத்தியோகம், சம்பளமும் லீவும்தான் கிடையாது. காரைக்காலில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அது சோற்றுக்கு. நான் பள்ளியில் படித்த காலத்தில் மாதம் ஒன்றாக வந்து, எழுபத்திரண்டு இதழ்களோடு நின்றுபோன 'கேப்டன் கதிரோன்' காமிக்ஸை ஒன்று விடாமல் சேர்ப்பதுதான் என் வேலை. பட்டியல் போட்டு, கிடைத்ததை டிக் அடித்து, கிடைக்காததை நினைத்துச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் சாப்பிடும் சக நோயாளிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கெடு

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். என் மனைவி செலின் புதுப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றாள். நான்கு தட்டுகளில் மூன்றில் பிளாஸ்டிக் உறை போட்ட கேப்டன். நான்காவதில் என் சட்டைகளும், கேப்டனின் டூப்ளிகேட் பிரதிகளும். அவளுடைய புடவைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இரண்டு சூட்கேஸ்களில் இருந்தன. அன்றுவரை அதை நான் ஒரு பிரச்சினையாகவே பார்த்ததில்லை.

"இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டாள். ஆறு என்றேன். "ஆறுன்னுதான் மூணு வருஷமா சொல்றீங்க" என்றாள். உண்மைதான். ரோஷம் வந்துவிட்டது. வருகிற வருஷம் முடித்துக் காட்டுகிறேன், முடிக்காவிட்டால் பீரோவைக் காலி செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. நாள் குறித்தாள்.

"மாங்கனித் திருவிழா வரைக்கும் டைம். ஊரே மாடியிலேர்ந்து மாம்பழம் வீசுற அன்னிக்கு செட்டு முடியலைன்னா, நம்ம மாடியிலேர்ந்து நான் கேப்டனை வீசுவேன்."

முகத்தை வைத்துக்கொள்ளும் விதம்

பழைய பேப்பர் கடைக்குப் போகும்போது தேடுவது எது என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இது நம் தொழிலின் முதல் பாடம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் காதர் பாய் கடை. நான் எப்போதும் சமையல் புத்தகம் கேட்பேன். பிறகு கோலப் புத்தகம். பிறகு, போகிற போக்கில் கேட்பது மாதிரி, "இந்தப் படக்கதை மாதிரி எதாவது?" என்பேன்.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுக் கட்டுக்கு நடுவில் இரண்டு காமிக்ஸ் முதுகுகள் தெரிந்தன. மஞ்சள் பட்டை, சிவப்பு எண். என்னிடம் இல்லாத இரண்டு! அடுத்தடுத்து! ஆனாலும் நான் மேலே கிடந்த 'ஊறுகாய் வகைகள்' புத்தகத்தை எடுத்து, மிக நிதானமாகப் புரட்டினேன். மாவடு பற்றிய பக்கத்தைப் படிக்கவும் செய்தேன். காதர் பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, நீங்க புஸ்தகத்தைத் தலைகீழா வெச்சிருக்கீங்க. எந்தக் கட்டுன்னு சொல்லுங்க, நானே உருவித் தர்றேன்."

கூப்பன்

நான்கு பாக்கி. வரிச்சிக்குடியிலிருந்து கலியமூர்த்தி என்கிற விவசாயி கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர், வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையப் படக்கதை இருப்பதாகச் சொன்னார். அவருக்கு முன்னால் நான் வரிச்சிக்குடியில் இருந்தேன். நம்புங்கள், அவர் பஸ்ஸில் வந்தார், நான் வண்டியில் போனேன்.

பழைய புத்தகத்தை எடுத்தவுடன் மோந்து பார்ப்பது நம் வழக்கம். ஈரம், செல் அரிப்பு, பாச்சா உருண்டை எல்லாம் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். ஒவ்வொன்றாக மோந்து, நடுப்பக்கத்து ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா என்று தடவி, பக்கம் எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த கலியமூர்த்தியின் மனைவி, "கருவாடு வாங்குற மாதிரில்ல பாக்குறாரு!" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகத்தான், ஆனால் கேட்டது.

இருபது இதழ்களில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. எடுத்தேன். பின் அட்டையில் சதுரமாக ஓர் ஓட்டை. பரிசுப் போட்டிக் கூப்பனைக் கத்தரித்து அனுப்பியிருக்கிறார், சிறுவனாக இருந்த கலியமூர்த்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதைப் பக்கம் முழுசாக இருந்ததால் மனதைத் தேற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். "பரிசாவது வந்ததா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலீங்க. அந்த ஆபீஸ்காரங்களை எங்கயாச்சும் பாத்தா, வரிச்சிக்குடி ஆளு காத்திருக்கான்னு சொல்லுங்க."

நான் செய்த பெரிய முட்டாள்தனம்

அடுத்த இரண்டும் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தன. மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர், என்னுடைய மூன்று டூப்ளிகேட்டுக்குப் பதிலாக இரண்டைப் பார்சலில் அனுப்பினார். மூன்றுக்கு இரண்டு நஷ்டம்தான். யார் கவலைப்பட்டார்கள்? எழுபத்தொன்று! மிச்சம் ஐம்பத்தெட்டாம் இதழ் மட்டும்! தரையில் வரிசையாக அடுக்கி, ஐம்பத்தெட்டின் இடத்தைக் காலியாக விட்டு, போட்டோ எடுத்து, 'இன்னும் ஒன்றே ஒன்று, உறவுகளே!' என்று குழுவில் போட்டேன்.

விவரம் தெரிந்த எவனும் கடைசி ஒன்றை வெளியே சொல்ல மாட்டான். மறுநாள் காலை குழுவில் பதினோரு பேர் ஐம்பத்தெட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் கேப்டனை முன்னே பின்னே படித்ததே இல்லை. என்னய்யா இது என்று மதுரை நண்பருக்கே போன் போட்டேன்.

"அண்ணே, நீங்க சந்தோஷத்துல சொன்னீங்க. நாங்க, ஐம்பத்தெட்டு அவ்வளவு அரிதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம்."

கண் பரிசோதனை

மாங்கனிக்கு மூன்று வாரம். செலின் பீரோவின் தட்டுகளை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். நான் கடையில் உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கிளிஞ்சல்மேட்டிலிருந்து செல்வமணி என்று ஒருவர், சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவர், படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று வந்தார். வெள்ளெழுத்துக்காரர்களிடம் நான் எப்போதும் காமிக்ஸைத்தான் கொடுப்பேன். வசன பலூனுக்குள் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துவிட்டால் கண்ணாடி சரி என்று அர்த்தம். கைக்கு வந்த டூப்ளிகேட்டைக் கொடுத்தேன். ஐம்பத்தேழு.

அவர் கண்ணாடியை மாட்டி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து காத்திருந்து போய்விட்டார்கள். கடைசி அட்டைக்கு வந்து, அடியில் இருந்த பொடி எழுத்து விளம்பரத்தைச் சத்தமாக வாசித்தார்: 'அடுத்த இதழில், கலங்கரை விளக்கத்தில் கேப்டன்!' பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி சுத்தமாத் தெரியுது சார். இந்த அடுத்த இதழு எங்க வீட்டுல இருக்கு."

தர மாட்டேன்

கடையை அப்படியே மூடிவிட்டு அவரோடு கிளம்பினேன். கிளிஞ்சல்மேட்டில் அவர் வீட்டு அலமாரியில், வங்கிப் பாஸ்புக்கோடும் ரேஷன் கார்டோடும் ஒரே கவரில் இருந்தது ஐம்பத்தெட்டு. அட்டை மடிப்புகூட இல்லை. மோந்து பார்க்க மறந்துவிட்டேன், பாருங்கள்!

எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். செல்வமணி முடியாது என்று தலையாட்டினார். அவரிடம் முப்பது இதழ்களுக்கு மேல் இருந்திருக்கின்றன. சுனாமியில் வீட்டோடு எல்லாம் போனது. இதை மட்டும் டவுனில் ஒரு நண்பன் இரவல் வாங்கிப் போயிருந்தான், அதனால் தப்பித்தது. பழைய வீட்டிலிருந்து மிஞ்சியது இது ஒன்றுதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு எழுந்தேன். அவர்தான் என் கையைப் பிடித்தார். இந்தக் கதை 'தொடரும்' என்று முடிகிறது. அடுத்தது வந்த மாதத்தில்தான் அவர் அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்தாராம், வாங்கவே இல்லையாம்.

"கோவிச்சுக்காதீங்க சார், இதைத் தர மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்த விளக்கு உச்சிலேர்ந்து கேப்டன் தப்பிச்சாரா?"

எழுபத்திரண்டு

நான் சொல்லவில்லை. அதை வாயால் சொல்வது பாவம். வீட்டுக்கு வந்து செலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸ்களை இழுத்து, புடவைகளை மெத்தையில் கொட்டினாள். "இதுல அடுக்குங்க" என்றாள். மாங்கனிக்கு இரண்டு நாள் முன்னால் எழுபத்தொரு கேப்டன்களும் நாங்கள் இருவரும் ஆட்டோவில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனோம்.

செல்வமணி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஒன்றிலிருந்து அடுக்கினேன். ஐம்பத்தேழு முடிந்ததும் அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, தன்னுடையதை வைத்தார். அப்புறம் ஐம்பத்தொன்பது. எழுபத்திரண்டு வரை! முப்பது வருஷ ஆசை ஒரே பாயில் கிடந்தது. நான் குதித்தேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், அடுத்தவர் வீட்டில், நிஜமாகவே குதித்தேன். செலின் குனிந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். "எழுபத்திரண்டு. பீரோ உங்களுக்கே" என்றாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

செல்வமணி எங்களைக் கவனிக்கவே இல்லை. புதுக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து ஐம்பத்தொன்பதைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கிளம்பும்போது, "அது இங்கேயே இருக்கட்டும்" என்றேன். கேப்டன் பட்டத்து நூலைக் கட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் குதித்து, அலை அவரைக் கரையில் கொண்டுவந்து போடுகிற கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்? நான் இதைவிட நல்லாத் தப்பிச்சிருக்கேன்!"

ஆறு குறைவாக இருந்தபோது தொடங்கிய லட்சியத்தை, இரண்டு குறைவாக வைத்துக்கொண்டு வெற்றிகரமாக முடித்த சேகரிப்பாளன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.