ஐஸ் பெட்டிக்கு முதல் போணி

சேவை செய்ய வேண்டும் என்று நான் எங்கள் சேவைச் சங்கத்தில் சேரவில்லை. நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். திண்டிவனத்தில் கையில் நாலு காசு உள்ள ஆட்கள் மாதம் இரண்டு முறை ஒரே மண்டபத்தில் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கோட் ஒன்று தைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டேன். மூன்று வருடத்தில் இரண்டு பாலிசிதான் தேறியது. பதிலுக்கு என்னைப் பிடித்துச் செயலாளராக்கிவிட்டார்கள்.

சங்கத்தின் முக்கியமான வேலை, ஒரு பொருளைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம் எடுப்பது. தையல் மிஷினானாலும் சரி, நோட்டுப் புத்தகமானாலும் சரி, வாங்குகிறவரின் கை எது என்று படத்தில் தேட வேண்டும். பொன்னாடைகள் பல வருடமாக எங்களுக்குள்ளேயே சுற்றி வருபவை. கூட்டம் முடிந்ததும் அவற்றை மடித்து அலமாரியில் வைப்பது, மண்டபத்தைப் பெருக்கி எங்களுக்கு டீ ஊற்றித் தரும் அக்காவின் பொறுப்பு. ஒரு மகளிர் தினத்தன்று அவருக்கே பொன்னாடை போர்த்தினோம். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அவரே அதைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிட்டு, "டீ ஆறிப்போவுது, ஜல்தி வாங்க" என்றார்.

இந்த வருடத் தலைவர் ரைஸ்மில் முதலாளி. நல்ல மனிதர்தான். தன் முகத்தின் மேல் மட்டும் கொஞ்சம் அளவுக்கு மீறிய பிரியம். தன் காலத்தில் நிலையான திட்டம் ஒன்று நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால், சாவு வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஓர் ஐஸ் பெட்டி வாங்கினோம். உடலைக் கிடத்தி, மேலே கண்ணாடி மூடி போட்டு, கரண்ட் கொடுத்தால் குளிரும் பெட்டி. வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இதை யார் கையில் கொடுப்பது போலப் படம் எடுப்பது? கடைசியில் சங்கத்தின் மாவட்டக் கவர்னரை அழைத்து ரிப்பன் வெட்டச் சொல்லலாம் என்று முடிவானது. கவர்னர் என்றதும் மிரள வேண்டாம், அவருக்கு விழுப்புரத்தில் டைல்ஸ் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

பெட்டிக்கான ஸ்டிக்கரும் விழுப்புரத்தில்தான் தயாரானது. மூடியின் தலைமாட்டில் தாம்பாளம் அளவுக்குத் தலைவர், கைகூப்பிச் சிரித்தபடி. அவருக்குக் கீழே கொஞ்சம் சிறியதாக நானும் பொருளாளரும். கால்மாட்டில் உறுப்பினர்கள் பெயர். அச்சாகும் முன் பார்த்துச் சொல்லச் சொல்லி என் போனுக்கு அனுப்பினார்கள். நான் கண்டுபிடித்த ஒரே குறை, என் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்பது. அதைச் சரிசெய்யச் சொல்லி இரண்டு முறை போன் செய்தேன்.

அந்த வாரக் கூட்டத்தில் முதல் போணி யார் என்ற பேச்சு வந்தது. "ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லாருக்கும்" என்றார் பொருளாளர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ டம்ளர்களோடு வந்த அக்கா, "ஏன் தலைவரே, நாங்கெல்லாம் செத்தா குடுக்க மாட்டீங்களா?" என்றார். "ஒனக்கு இல்லாமயா?" என்று தலைவர் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை அக்கா இறந்துபோனார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் அவர் மகன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"சார், தங்கச்சி குவைத்துல வீட்டு வேல செய்யறா. பொறப்பட்டு வந்துக்கினு இருக்கா, நாளைக்குக் காலைலதான் வந்து சேருவா. அம்மாவப் பாத்து அஞ்சு வருஷம் ஆச்சு சார். வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது. மொகத்தக் கூட பாக்க முடியலன்னா அவ தாங்க மாட்டா. அந்தப் பொட்டி..."

தலைவர் போனை எடுக்கவில்லை. பொருளாளர் எடுத்தார். "ரிப்பன் வெட்டாம எப்படிங்க குடுக்கறது? கவர்னர் வரட்டும். அதுவும் மொதமொதல்ல காலனிக்கா?"

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு, என்னிடம் இருந்த சாவியால் மண்டபத்தைத் திறந்தேன். கட்டியிருந்த ரிப்பனை வெட்டாமல், கசங்காமல் அவிழ்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான். பெட்டியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் காலனிக்குக் கொண்டுபோனோம்.

பந்தலின் கீழ் அக்காவைக் கிடத்தி, மூடியை வைத்து நான்கு பக்கமும் போல்ட்டை முடுக்கிய பிறகுதான் கவனித்தேன். அக்காவின் முகத்துக்கு நேர் மேலே தலைவரின் முகம். ஒரு இம்மி விலகவில்லை. மகன் மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் சொன்னது இது: "ஞாயித்துக்கெழம கவர்னர் வர்றாருப்பா. ஸ்டிக்கர் கிழியாம பாத்துக்கோ."

"சரிங்க சார்" என்றான். இலவசமாக வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வெளியூர் ஜனம் வரத் தொடங்கியது. மாலையோடு வந்த ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்துத் திகைத்து, "ரைஸ்மில்லுக்காரரு எப்ப செத்தாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலைவரின் படத்துக்கே மாலையைச் சார்த்தினார். ரோட்டோடு போன இன்னொருவர் எட்டிப் பார்த்துவிட்டு மில்லுக்குப் போன் போட்டிருக்கிறார். "மொதலாளி தவறிட்டாருங்களா? எப்ப எடுக்கறீங்க?" போனை எடுத்தது முதலாளியேதான். ரிப்பன் வெட்டாத பெட்டி காலனியில் இருக்கும் விஷயம் அவருக்கு இப்படித்தான் தெரிந்தது.

பதினொரு மணி வாக்கில் மகள் வந்து சேர்ந்தாள். கைப்பையில் ஏர்போர்ட் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. கூட்டம் வழிவிட, ஓடிவந்து பெட்டி மேல் விழுந்தாள். மாலையை விலக்கினாள். உள்ளே தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பக்கம் போய்க் குனிந்தாள், அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். அம்மாவின் கால் தெரிந்தது, சேலை தெரிந்தது, முகம் தெரியவில்லை. மூடியைத் திறக்கலாம் என்றால், ஸ்பேனர் குட்டி யானையிலேயே போய்விட்டது. சைக்கிள் கடைக்கு ஒருவன் ஓடினான். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. நகத்தால் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினாள்.

"யாருய்யா இந்தாளு? எங்கம்மா மேல எதுக்குய்யா கெடக்கறான்? எடுங்கய்யா!"

"செக்ரெட்ரி!" என்று கத்திக்கொண்டே தலைவர் பந்தலுக்குள் நுழைந்தது அப்போதுதான். என்னைக் கிழித்துத் தொங்கப்போட வந்தவர். மூடியிலிருந்த அவர் முகத்தை ஒரு பெண் நகத்தால் பிறாண்டுவதைப் பார்த்து அப்படியே நின்றார். அவளைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணிடம், "தோசத்திருப்பி இருக்குதாம்மா?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளை வேட்டியோடு மண்ணில் மண்டிபோட்டு, தன் முகத்தைத் தானே சுரண்டினார். நெற்றி போயிற்று, மீசை போயிற்று. சிரிப்பு மட்டும் லேசில் வரவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் தாங்க வேண்டும் என்று நான்தான் உசத்தியான ஸ்டிக்கராகப் பார்த்து வாங்கியிருந்தேன். நான் பையிலிருந்த ரிப்பனை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, அவர் சுரண்டச் சுரண்டத் துடைத்தேன். பசைக்கு நடுவிலிருந்து அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

மகள் கண்ணாடியோடு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "பொட்டக் கோணலா வெச்சிக்கிறீங்களே" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

என் படம் அக்காவின் வயிற்றுக்கு நேரே இருந்தது. அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இருந்தாலும் பெட்டி திரும்பி வந்ததும் நானே தோசைத்திருப்பியோடு உட்கார்ந்தேன். மூக்கு கடைசியில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கவர்னர் வந்தார். புது ரிப்பன் வெட்டினார். பெட்டியைச் சுற்றிப் பதினான்கு பேர் நின்று படம் எடுத்தோம். டீ ஊற்ற ஆள் இல்லாததால் கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் வந்தது. கவர்னர் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலைவரே, இவ்ளோ எடம் சும்மா இருக்குதே, ஒங்க படம் ஒண்ணு போட்டிருக்கலாமே" என்றார்.

"வேணாங்க" என்றார் தலைவர். "அங்க அவங்க மொகம் தெரியணும்."