கதவைத் திறக்கச் சொல்லும் இங்கிலீஷ்

சின்னவளுக்கு எதையும் அரைகுறையாய் விட்டுப் பழக்கமில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. மூலையோடு மூலை பொருந்தாவிட்டால் உதறிப் பிரித்து மறுபடி மடிப்பாள். "அதுல படுக்கிறவன் மூலையைப் பார்த்துட்டா படுக்கப் போறான்?" என்பார் பக்கத்து மேசை இஸ்திரி அண்ணன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். இங்கிலீஷையும் அவள் இப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொடுத்தது கைப்பேசியில் வரும் ஒரு நிகழ்ச்சி. பேர்போன நடிகர்களும் பாடகர்களும் வரிசையாய் வைத்த தட்டுகளிலிருந்து காரமான தின்பண்டங்களைத் தின்றபடியே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தட்டுக்குத் தட்டு காரம் ஏறும். முதல் தட்டில் மகாராஜா மாதிரி பேசுகிறவர், நாலாவது தட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். சிரிக்கத்தான் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் பாடகி ஒருத்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டு 'த்ரோட், த்ரோட்' என்று துடித்தபோது, யாரும் அர்த்தம் சொல்லாமலே அந்தச் சொல் இவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கடிப்பது, மெல்லுவது, விழுங்குவது, போதும் என்பது, இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சுவது, எல்லாம் இதே மாதிரி வந்தன. சொல்லோடு கூடவே அதைச் சொல்கிற முகமும் வந்துவிடுவதால் மறப்பதற்கு வழியே இல்லை.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். சாப்பிட உட்கார்ந்தால் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"அக்கா, அந்த நாப்கினை எடு."

"எதை?"

"வாய் துடைக்கிற துணி."

"நான் முந்தானையில துடைக்கிறேனே, அதுக்கு என்னடி பேரு?"

"எந்த நடிகரும் இன்னும் முந்தானையில துடைக்கல. துடைச்சதும் சொல்றேன்."

அஞ்சாவதோடு நின்றவள் அக்கா. தங்கை பேசுவதில் பாதி விளங்காது. ஆனாலும் மாடிப்படியில் எதிர்ப்படும் ஒருவரையும், "எங்க சின்னவ இங்கிலீஷ்ல கனவே காணுறா" என்று சொல்லாமல் மேலே ஏற விடமாட்டாள்.

சலவைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. போக வர முன்னால் ஒரு சரக்கு லிஃப்ட், பின்னால் தெருவுக்கு ஏறும் படிக்கட்டுக்கு ஒரு கதவு. துவாலைகள் காணாமல் போகின்றன என்று அந்தப் பின்கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார் சூப்பர்வைசர். ஒருநாள் துணி உலர்த்தும் எந்திரத்துக்குள் பஞ்சு பற்றிக்கொண்டு புகைந்தது. லிஃப்ட் எங்கோ மேலே நின்றிருந்தது. எல்லோரும் பின்கதவில் மோதிக் கத்தினார்கள். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார். கடைசியில் இஸ்திரி அண்ணன்தான் ஈரத் துணிகளை வாரிப் போட்டு நெருப்பை அமுக்கினார். சின்னவள் அன்றைக்கு முழுவதும் இருமிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளே போய்க் கேட்டாள். "சார், வேலை நேரத்துலயாவது அந்தக் கதவைத் திறந்து வைங்க சார்."

"துவாலை போனா உன் சம்பளத்துல பிடிச்சுக்கலாமா?"

பேச்சு அதோடு முடிந்தது. அன்றிலிருந்து விரிப்பை மடிக்கும்போதும் அவள் முதுகு அந்தக் கதவையே நினைத்துக்கொண்டிருந்தது. எந்திரம் கொஞ்சம் வேறு மாதிரி உறுமினாலும் கை நின்றுவிடும்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் பார்வையிட வருவதாகத் தெரிந்தது. சூப்பர்வைசர் நேரே அவளிடம் வந்தார்.

"நீதானே இங்கிலீஷ் பேசுறவ? எல்லாம் வசதியா இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடு. புரியுதா?"

"புரியுது சார்."

புரிந்தது. ஆனால் அவள் சொல்லப்போவது வேறு. அதற்கு வேண்டியதெல்லாம் அந்த நிகழ்ச்சியிலேயே இருந்தது. காரம் தாங்காதவர்கள் எழுந்து கதவுக்கு ஓடுவார்கள். நடத்துகிறவர் முந்திக்கொண்டு கதவை மறித்து நிற்பார். மூச்சுவிட முடியவில்லை, கதவு பூட்டியிருக்கிறது, தயவுசெய்து திறங்கள் என்று அவர்கள் கெஞ்சக் கெஞ்சக் கூட்டம் சிரிக்கும். சின்னவள் அந்த இடங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அவர்கள் சொன்னபடியே சொல்லிப் பழகினாள்.

வந்த அம்மாள் நல்லவராகத்தான் தெரிந்தார். மடித்த விரிப்பைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எப்படி இருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். சின்னவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"ஐ கான்ட் பிரீத். தி டோர் இஸ் லாக்டு. ப்ளீஸ், ஓப்பன் தி டோர்."

அந்த அம்மாளின் கண் விரிந்தது. பிறகு குபீரென்று சிரித்தார். நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, "நீயும் பார்ப்பாயா? நானும் விடாமல் பார்க்கிறேன்" என்றார். சின்னவள் பின்கதவைக் கைகாட்டி மறுபடியும் அதையே சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூப்பர்வைசரும் சேர்ந்து சிரித்தார். அந்த அம்மாள் அவள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனார்.

"நான் தப்பா சொன்னேனாண்ணே?" என்று கேட்டாள்.

இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நீ என்ன சொன்னேன்னு எனக்கென்ன தெரியும்? ஆனா எனக்கே சிரிப்பு வந்துடுச்சும்மா. நாக்கை நீட்டி, கையால வாயை விசிறிக்கிட்டில்ல பேசினே?"

அவளுக்கு அது தெரியவே தெரியாது. கை தானாக எழுந்திருக்கிறது.

போகும்போது சூப்பர்வைசர் அவளைத் தட்டிக்கொடுத்தார். "பிரமாதம். இனிமே யார் வந்தாலும் நீதான். இதையே செஞ்சுடு." சாவிக்கொத்து அவர் இடுப்பில் குலுங்கிக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. கண்ணாடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"என் கையைப் பிடிச்சுக்கோக்கா. கெட்டியா."

அக்கா பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சின்னவள் கண்ணாடியைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொன்னாள். கை அசையவில்லை. புருவம் மேலே போனது, கன்னம் உப்பியது.

"புருவம் ஏறுதுடி."

மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை புருவம் நின்றது. தலை, கூட்டத்தைப் பார்த்துத் திரும்புகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சொற்களை எந்த முகமும் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. மறுபடியும் சொன்னாள். மறுபடியும்.

"இப்ப சிரிப்பு வருதாக்கா?"

அக்காவுக்குத் தங்கையிடம் பொய் சொல்ல வராது. "கொஞ்சம் வருது."

"சரி. கையை விட்டுடாதே," என்று சொல்லிவிட்டு, சின்னவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.