அக்காவும் அங்காளம்மன் விசாரணையும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பங்காளிகளில் பாதிப் பேராவது, "கோயிலை சர்க்காருக்குத் தாரை வார்த்தவ" என்று அவரைச் சொன்னவர்கள். என் துணுக்குகள் சில பத்திரிகைகளில் அச்சான குற்றத்துக்காக, பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

தவளக்குப்பத்தை ஒட்டிய சிற்றூரில், உழவுக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்ததும் ரெட்டியார்பாளையத்துக்குக் குடிவந்தோம். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து, வீட்டை ஒட்டி அங்காளம்மனுக்குச் சிறு கோயில் கட்டினார் அப்பா. பிறகு மில் மூடியது. அப்பா போனார், அம்மாவும் போனார். அக்கா தையல் மிஷினை மிதித்தே எங்களைக் கரையேற்றினார். தம் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்பார். எங்களுக்கு அந்த யோசனையே வரவில்லை என்பதுதான் சரி.

கோயில் பூசையும் அவரே. தெருவே வந்து கும்பிட்டது. கூட்டம் வந்ததால் உண்டியல் வைத்தோம். உண்டியல் வந்ததால் மனு வந்தது: இது பொதுக்கோயில், அரசு ஏற்க வேண்டும் என்று. நம் நாட்டில் எந்தச் சாமியைக் கும்பிடவும் யாருக்கும் தடையில்லை. அந்தச் சாமி யாருடையது என்பதில்தான் விசாரணை.

வெளியார் உரிமையோடு வந்தால் பொதுக்கோயில், நம் அனுமதியோடு வந்தால் குடும்பக் கோயில் என்று விளக்கினார் வக்கீல். அக்கா சொல்ல வேண்டியது ஒரே வரி: "வர்றவங்க எங்க அனுமதியோடதான் வர்றாங்க." அதை நானே பாடம் எடுத்தேன்.

விசாரணையன்று அதிகாரி கேட்டார்: "ஏம்மா, வெளியாளுங்க உங்களக் கேட்டுட்டுதான் உள்ள வர்றாங்களா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். நாங்களே சாட்சிக்கு அழைத்து வந்திருந்த பக்கத்து வீட்டு ராணியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இவ இன்னாத்துக்கு சார் என்னக் கேக்கணும்? சாமி கும்புட வர்றவள நிக்க வெச்சி நான் இன்னா கேப்பேன்?"

"வேணாம்னா தடுக்கலாம் இல்ல?"

"தடுக்க நான் யாரு?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஒரே ஒரு வரிக்கா. சொல்லக்கூடாதா?"

"அவ எதுர்ல அதச் சொல்லிட்டு, சாயந்தரம் அவ மூஞ்சில எப்டிடா முழிப்பேன்? வா, பஸ்ஸு போயிடப் போவுது."

கோயில் போயிற்று. அரசுப் பலகை வந்தது, பூசாரி வந்தார், நடை சாத்தும் நேரமும் வந்தது. அக்கா வரிசையில் நின்று கும்பிட்டார். பங்காளிகள் வந்து ஏசினார்கள்; அக்கா காப்பி கொடுத்தார். ஏசி ஏசி அவர்கள் களைத்தார்கள். கேட்டுக் கேட்டு நாங்கள் களைத்தோம். காப்பி போட்டுப் போட்டு அக்காவும் களைத்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, கதிர்காமம் மருத்துவமனையில் சென்ற ஆடியில் கண்மூடினார். மறுநாள் கோயிலில் கூழ் வார்க்க வேண்டிய நாள். குடும்பக் கோயிலாகவே இருந்திருந்தால், எங்கள் தீட்டு கழியும்வரை நடை சாத்தியே கிடந்திருக்கும். அவ்வாண்டுக் கூழும் இருந்திருக்காது. பொதுக்கோயில் ஆனதால், காலையில் அக்காவின் உடல் தெருவைத் தாண்டியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் திறந்தார்கள். மதியம் கூழ் வார்த்தார்கள். நாங்கள் மட்டும்தான் உள்ளே போகவில்லை.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், வழக்கில் தோற்ற பிறகும் மாலையோடு வந்த வக்கீலுக்கும் எங்கள் நன்றி. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று ராணியம்மா கோயில் கூழைக் குடத்தோடு கொண்டுவந்து இறக்கினார். யாரையும் கேட்கவில்லை. அன்று எங்கள் எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. இரண்டாம் சொம்பு கேட்டு வாங்கிக் குடித்த பங்காளிகளுக்கும் நன்றி.