காலர் அக்காவும் ரேண்டமும்

“தினமும் ஒரே ஆள் மேலயே விழுந்தா, அதுக்குப் பேரும் ரேண்டம்தானா?”

பக்கத்து வீட்டுக் காலர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டாள். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். “யாரு மாட்டுவாங்கன்னு முன்னாடியே தெரியாம எடுக்கிறதுதான் அக்கா” என்று இழுத்தேன்.

“அப்போ எனக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியுது?”



அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் எல்லாரும் கேட்டில் மேஜைமேல் இருக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். யாராவது துணியை எடுத்துப் போய்விடுவார்களோ என்று கம்பெனிக்குப் பயம். “பெட்டிக்கு மாமன் மச்சான் கிடையாதும்மா, எல்லாம் ரேண்டம்” என்பார் வாட்ச்மேன்.

வேலை நேரத்தில் குடிதண்ணீர் அறையை ஏன் பூட்டிவைக்கிறீர்கள் என்று ஒருநாள் காலர் அக்கா மேனேஜர் முன்னாலேயே சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டாள். பூட்டு திறந்தது. ஆனால் மறுநாளிலிருந்து பெட்டிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் சிவப்பு.

சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாத்திரை அட்டை, மாதவிலக்குக்கு வைத்திருக்கும் பஞ்சு என எல்லாம் ஊர் பார்க்க மேஜைமேல் கிடக்கும். கம்பெனி பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். பஸ் போய்விடும். அவள் நடந்து வீடு சேர்வாள்.

“உன் நேரம் அப்படி, விடு” என்றார் வீட்டுக்காரர்.

“என் நேரமா? நேரத்துக்கு என் பை மேல என்னங்க அவ்வளவு ஆசை?”

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவள் உள்ளே நுழைந்ததும் நாத்தனார் பேசிக்கொண்டே எழுந்துபோய், பீரோவில் தொங்கிய சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். “தப்பா நினைக்காதீங்க அண்ணி. ஆனா அத்தனை பேர்ல ஒருத்தரையே சும்மாவா பிடிப்பாங்க?”

காலர் அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். வழியெல்லாம் காது எரிந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருடி என்ற பேர் ஒட்டிக்கொண்டால் எங்கே போய்க் கழுவுவது?

மறுநாள் பொத்தானை அழுத்தும்போது அவள் விளக்கைப் பார்க்கவில்லை, வாட்ச்மேனைப் பார்த்தாள். மேஜை விரிப்புக்குக் கீழே அவர் முழங்கால் லேசாக அசைந்தது. சிவப்பு எரிந்தது. வருஷக்கணக்காய் மெஷின் மிதித்துச் சோறு தின்பவளுக்கு, இன்னொருவர் கால் மிதிப்பது தெரியாதா? ஆனாலும் அன்று வழக்கம்போலப் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு நடந்தாள்.

அடுத்த நாள் அவளோடு தையல் லைனில் இருந்த பெண்கள் தூசிக்காகப் போடும் தொப்பியையும் முகமூடியையும் கழற்றாமலே கேட்டுக்கு வந்தார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. காலர் அக்காவின் மஞ்சள் பை பட்டாசு என்று எல்லாரும் கூப்பிடும் அவள் தோழியின் தோளில் தொங்கியது. மேனேஜரின் கார் வரும் நேரம் பார்த்து அக்காவும் முகமூடியோடு குறுக்கே போய் நின்றாள்.

“சார், ஒரு நிமிஷம் இறங்கிப் பாருங்க.”

மேனேஜர் இறங்கியதும் பட்டாசு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு.

“என்னம்மா செய்யறது, ரேண்டம்” என்று வாட்ச்மேன் பையை இழுத்தார்.

பட்டாசு முகமூடியை இறக்கினாள். “அண்ணே, நான்! ஆள் மாறிப்போச்சே. பையப் பார்த்தா மிதிச்சீங்க?”

வாட்ச்மேன் முகம் செத்தது. அதற்குள் காலர் அக்கா மேஜை விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள். அவர் காலுக்கடியில் ஒரு பெடல். அதன் ஒயர் நேரே பெட்டிக்குள் போயிருந்தது.

“நானா செய்யல சார், சூப்பர்வைசர்தான்...” என்றார் வாட்ச்மேன். பின்னால் நின்ற சூப்பர்வைசர் போனில் ஏதோ அவசரமாகத் தேடினார்.

மேனேஜர் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். “சரி சரி, எல்லாரும் கிளம்புங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.” மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

“நான் இன்னும் அழுத்தலையே சார்” என்றாள் காலர் அக்கா.

அழுத்தினாள். யார் காலும் பெடலில் இல்லை. சிவப்பு எரிந்தது.

“அட நாசமாப்போன பெட்டியே!” என்றாள் பட்டாசு.

காலர் அக்கா தன் மஞ்சள் பையை வாங்கி, தானே மேஜைமேல் கவிழ்த்தாள். “நல்லாத் தேடுங்க. இதுதான் ரேண்டம். இதுக்கு நான் ஒருநாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. இத்தனை நாள் எனக்கு நடந்துச்சே, அதுக்கு வேற பேரு. அந்தப் பேரையும் நீங்களே சொல்லிடுங்க சார், பஸ்ல இருக்கிறவங்க காதுல விழற மாதிரி.”

மேனேஜர் பஸ்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஸ் பக்கம் திரும்பி, “இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. வேணும்னே செஞ்சிருக்காங்க” என்றார். போதாது என்பதுபோல் அவள் நின்றாள். அவர் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

அன்று பஸ் காத்திருந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. நாத்தனார் வீட்டு வாசலில் இறங்கி, பட்டாசுவை உடன் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் சாவியை மறுபடி பீரோவில் மாட்டினாள். அதைப் பார்த்த பிறகும் காலர் அக்காவின் கோபம் தீரவில்லை. இன்னும் தீரவில்லை.

கேட்டில் பையைக் கொட்டிக்கொண்டு நிற்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களைப் பார்த்ததும் சாவியை ஒளிக்கிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.