தட்டினால்தான் பிரேக்

அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் மரத்தூள் வாசம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. செக்காலைப் பகுதியில் ஒரு மர அறுப்பு மில்லில் ரம்பத்தை ஒட்டியே நின்று வேலை பார்த்ததில், நான் மூன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டன. நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் அடிக்கிற ஹாரன்தான் அவருக்குக் கிடையாது. "பிள்ளை இல்லாம வண்டியத் தொடாதீக" என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். மில்லுக்கு அடுத்த தெருவில் இருந்த பள்ளிக்கு அப்பா என்னை மொபெட்டில் கொண்டுபோய் விடுவதாகப் பேர். உண்மையில் எங்கள் ஊர் கோவிலூரிலிருந்து நான்தான் அவரைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தேன்.

பின்னால் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பக்கம் ஹாரன் கேட்கிறதோ அப்பாவின் அந்தத் தோளில் ஒரு "தட்டு". மாட்டுக்கெல்லாம் தட்டினால், "அது எனக்கே தெரியுது ஆத்தா, சத்தத்துக்கு மட்டும் தட்டு" என்று சலித்துக்கொள்வார்.

பஸ் கண்ணில் படுவதும் அதன் சத்தம் காதில் விழுவதும் ஒன்றுசேர்ந்தால், நாம் யோசிப்பதற்கு முன்பே உடம்பு விலகிவிடுகிறது; ஒன்று மட்டும் வந்தால் கொஞ்சம் தயங்குகிறது. அப்பாவுக்கு அவருடைய கண்ணும் என் காதும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. தட்டிய மாத்திரத்தில் கை பிரேக்குக்குப் போய்விடும். நாளாக ஆக, கண்ணால் பார்த்த பிறகும் என் கைக்காகத் துளி நேரம் பொறுப்பார். அதில் எனக்கு ஏகப் பெருமை.

பள்ளிப் படிப்பு முடிந்து நான் மதுரையில் விடுதிக்குப் போன பிறகு, அம்மா தடுத்தும் கேளாமல் அப்பா தனியாக வண்டியை எடுத்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் லாரி வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இருந்தது.

"லாரியப் பாத்தேன் ஆத்தா. நீ தட்டலையா, தூரத்துல வருதாக்கும்னு இருந்துட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் போய்விட்டார். சொந்தபந்தமெல்லாம் அழுதது. எனக்கு மரத்துப்போயிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மில் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. மொபெட் பழைய இரும்புக்குப் போயிற்று. ஊருக்குப் போனால் அம்மாவும் நானும் ஆட்டோவில் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறோம். விலைவாசியைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே போகிறோம். ஏன் மதுரைக்குப் போனாய் என்று அம்மா ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேனோ என்னவோ.