டிக்கெட் ஜன்னலின் மஞ்சள் நாடா

சான் சிரியாக்கோ பேருந்து நிலையத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் நேர அட்டவணை தொங்கியது. மற்றதில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் நாடா. ஜன்னலுக்கு வருகிறவர்களில் சிலருக்கு அட்டவணை வேண்டும், சிலருக்கு நாடா வேண்டும். இரண்டுக்கும் டிக்கெட் கொடுக்கும் ஐதேதான் ஆள்; ஊரார் மரியாதையாக ‘தோன்யா ஐதே’ என்பார்கள்.

குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தால் அந்த ஊரில் முதலில் நினைப்பது மாந்தத்தைத்தான். தின்றது வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்பார்கள். நாடாவின் ஒரு முனையைத் தாய் குழந்தையின் நெஞ்சுக்குழியில் பிடித்துக்கொள்வாள். மறுமுனையிலிருந்து ஐதே வாய்க்குள் வார்த்தைகளை முணுமுணுத்தபடி மூன்று முழம் போடுவாள். மூன்றாவது முழத்தின் விரல்நுனி நெஞ்சுக்குழியில் வந்து நின்றால் வயிறு சுத்தம். தொண்டையில் நின்றால் மாந்தம். நெற்றிக்கு ஏறினால் கடும் மாந்தம். தினம் ஒரு தடவையாக மூன்று நாள் போட வேண்டும். குழந்தை நேரில் இல்லாவிட்டால் முழுப்பெயரும் பிறந்த தேதியும் போதும். ஐதே தன் நெஞ்சிலேயே நாடாவை வைத்து அளந்துவிடுவாள். அந்த வார்த்தைகளைப் பெரிய வெள்ளிக்கிழமை அன்று மட்டும்தான் ஒருவருக்கொருவர் சொல்லித்தரலாம். ஐதேக்குச் சொல்லித்தந்தவள் அவள் நாத்தனார் ஓல்கா. இந்த வைத்தியத்துக்குக் கூலி கிடையாது, நன்றியும் கூடாது. நன்றி சொன்னால் பலிக்காமல் போய்விடும்.

இந்தக் கதை நடந்தபோது ஐதேக்கு ஐம்பத்திரண்டு வயது. நாடாவின்மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் நம்பிக்கையைவிட ஆர்வம் ஒரு பிடி கூடுதல். ஒரே நாடா, ஒரே கை, பிறகு ஏன் ஒருநாள் தொண்டையிலும் மறுநாள் நெஞ்சிலும் வந்து நிற்கிறது? பொம்மைக்கு அளந்து பார்த்தாள், நெஞ்சில் நின்றது. தெருநாய்க்கு அளக்கப் போனாள், நாய் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு விலா எலும்பு மிச்சமில்லாமல் சுட்ட இறைச்சி தின்றுவிட்டு வந்த ஓட்டுநர் ஒரேஸ்தேயை நிற்கவைத்து அளந்தாள், நெற்றிக்கு ஏறியது. அவர் பயந்துபோய் இரண்டு நாள் வெறும் சூப் குடித்தார்.

பழைய நேர அட்டவணைப் பதிவேட்டின் காலிப் பக்கங்களில் எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். தேதி, பெயர், நாடா நின்ற இடம், என்ன தின்றது, எவ்வளவு காய்ச்சல், பிறகு என்ன ஆயிற்று. எழுதத் தொடங்கிய எட்டாவது வருடம் ஒரு மழைநாளில், ஆற்றில் வெள்ளம் வந்து வண்டிகள் நின்றபோது, உட்கார்ந்து எண்ணினாள். அதுவரை மருத்துவமனைக்குப் போக நேர்ந்த குழந்தைகள் முப்பத்தொன்று. அவர்களில் பதினான்கு பேருக்கு நாடா தொண்டையில் நின்றிருந்தது, ஒன்பது பேருக்கு நெற்றியில், எட்டுப் பேருக்கு ஒழுங்காக நெஞ்சுக்குழியில். அதில் ஒரு முறையும் தெரியவில்லை. ஆனால் தாய்மார்கள் பேச்சுவாக்கில் சொன்னதையும் அவள் ஓரத்தில் குறித்திருந்தாள். முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் அரைநாளாக மூத்திரம் போகவில்லை.

அன்றிலிருந்து நாடாவைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்பாள்: கடைசியாக டயப்பர் எப்போது நனைந்தது?

ஒன்பது வருடம் தவறாமல் கேட்டாள். அந்த ஊரில் கோடை கொளுத்தும் ஜனவரி மாதம், ஒரு திங்கட்கிழமை கேட்கத் தவறினாள்.

அன்று காலை பத்தரை மணிக்கு ஜன்னலில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். நவெல் என்ற இளைஞனிடமிருந்து போனில் செய்தி வந்தது. ஊரில் அவனை எல்லாரும் ‘ஒல்லி’ என்பார்கள். மனைவி யானினா கோழி வெட்டும் ஆலையில் பகல் வேலைக்குப் போய்விடுவதால் பதினான்கு மாதப் பெண் அம்பாரோவை அவன்தான் பார்த்துக்கொண்டான். பெயரும் பிறந்த தேதியும் அனுப்பியிருந்தான். விடியலிலிருந்து ஐந்து வாந்தி, நாலு பேதி, காய்ச்சல் முப்பத்தெட்டரை. ஐதே டிக்கெட் கிழிப்பதற்கு நடுவே தன் நெஞ்சில் அளந்தாள். தொண்டையில் நின்றது. செவ்வாய்க்கிழமை காலையும் கேட்காமலே அளந்தபோது நெஞ்சுக்குழிக்கு வந்துவிட்டது. ‘நல்லா இறங்கிடுச்சு, கவலைப்படாதே’ என்று பதில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். வெயில் முப்பத்தொன்பது. ஊரே உறங்கிக்கொண்டிருந்தது. நவெல் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். மறுநாளுக்கான மூன்றாவது அளவை இன்றைக்கே நேரில் போட்டுவிடலாம் என்று வந்தானாம். முகத்தில் அத்தனை நிம்மதி.

“நேத்து ராத்திரியோட வாந்தி நின்னுபோச்சு, தோன்யா ஐதே. காலையிலேருந்து அழக்கூட இல்ல. சமர்த்தா தூங்குறா.”

ஐதே நாடாவுக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பதினான்கு மாதக் குழந்தை, அந்த வெக்கையில், ஜன்னலில் பளபளக்கும் மணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“குடிக்க என்ன குடுத்தே?”

நேற்றிலிருந்து ஒன்றுமே கொடுக்கவில்லை என்றான். எது கொடுத்தாலும் திரும்பி வந்தது. நாடா இறங்கும்வரை வயிற்றைச் சும்மா விட்டால் ஒட்டியது தானே விட்டுப்போகும் என்று நினைத்தான். நாடாவும் இறங்கிவிட்டது அல்லவா?

“டயப்பர் கடைசியா எப்ப நனைஞ்சுது?”

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க முகத்திலிருந்த நிம்மதி வடிந்தது. “நேத்து... சாயந்திரம் ஆறரை இருக்கும்.”

பத்தொன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். ஐதே டிக்கெட் கூண்டை விட்டு வெளியே வந்து குழந்தையின் தலையைத் தடவினாள். உச்சிக்குழி விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்பட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். மடிப்பு மெதுவாகத்தான் படிந்தது. நாக்கு காய்ந்திருந்தது. சிணுங்கியபோது கண்ணில் நீர் இல்லை.

சுகாதார நிலையத்துக்கு அன்று செவிலி வராத நாள். ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் பிரசவ வலி கண்ட ஒருத்தியோடு மதியமே நகரத்துக்குப் போயிருந்தது. இரண்டே முக்காலுக்கு நகரத்துக்குப் போவது ஒரேஸ்தேயின் வண்டி. ஐதே கூண்டு அலமாரியில் எப்போதும் வைத்திருக்கும் உப்புக்கரைசல் பொட்டலத்தை எடுத்து, ஒரு லிட்டர் குடிநீரில் கலக்கினாள். பிறகு இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு முதல் கரண்டி. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, விழுங்குகிறதா என்று பார்த்து, நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வண்டிக்குள் எட்டுப் பயணிகள் இருந்தார்கள்.

“குண்டா, கூட்டுரோட்டுல காபிக்கு நிறுத்தாதே,” என்றாள் ஓட்டுநரிடம்.

ஒரேஸ்தே கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “காபியும் வேண்டாமா? நாடா போட்டு என்னை ரெண்டு நாள் பட்டினி போட்டவதானே நீ,” என்றார். ஆனால் பார்த்த பார்வையிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஐம்பத்தைந்து நிமிடப் பாதையை நாற்பத்தொன்றில் ஓட்டினார். பயணிகளில் ஒரு அம்மாள் தன் விசிறியை நவெலிடம் நீட்டினாள்.

நவெல் பாதி வழியில் கேட்டான்: “நாடா பொய் சொல்லுச்சா?”

“நாடா அளக்கிறதை அளந்துச்சு. அது எதை அளக்குதுன்னு எனக்கே இன்னும் தெரியல,” என்றாள் ஐதே. குழந்தையின் உதட்டைத் துடைத்துவிட்டு, “கேக்கவேண்டியதை நான் கேக்கல. அது என் தப்பு. உன்னுது இல்ல,” என்றாள். அடுத்த கரண்டியை ஊட்டினாள்.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருத்தி கேள்விகளைத் தொடங்கும் முன்பே, ஐதே டிக்கெட் ஒன்றின் பின்பக்கத்தைப் பார்த்து வாசித்தாள். கடைசி மூத்திரம் நேற்று ஆறரை. இரண்டு நாற்பத்து மூன்றிலிருந்து முப்பத்தொன்பது கரண்டி. அதில் மூன்று வெளியே வந்துவிட்டது.

“நீங்க நர்ஸா?” என்றாள் மருத்துவர்.

“டிக்கெட் குடுக்கிறவ.”

கையில் ஊசி ஏற்றி, குழாயில் மருந்து நீர் இறக்கினார்கள். ஐந்து மணிக்கு ஆலையிலிருந்து யானினா சீருடையோடு ஓடிவந்தாள். ஐந்து நாற்பதுக்கு அம்பாரோ கண்ணில் நீர் வரும்படி அழுதாள். ஆறு ஐந்துக்கு டயப்பர் நனைந்தது. நவெல் அதைக் கையில் வைத்து எடை பார்த்தான், மனைவியின் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். இருவரும் அதை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு அவன் ஐதேயிடம் திரும்பி, “தோன்யா ஐதே, ரொம்ப...” என்று ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

“சொல்லு. நான்தான் இன்னிக்கு நேர்ல நாடா போடலையே.”

“காலையில போட்டீங்களே. எதுக்கும் நாலு நாள் போகட்டும்,” என்றான்.

மறுநாள் ஐதே பதிவேட்டில் எழுதினாள்: ‘அம்பாரோ, 14 மாதம். நாடா: நெஞ்சுக்குழி. கேள்வி: கேட்கவில்லை.’ கடைசிச் சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் மூன்றாவதாக ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு தேக்கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டாள். நாடாவைக் கழற்றவில்லை. கேள்விக்குச் சரியான பதில் வந்தால்தான் நாடா என்று மட்டும் வைத்துக்கொண்டாள். அளந்து முடிக்க ஒன்பது நிமிடம் ஆகும் என்று கடிகாரம் பார்த்து வைத்திருந்தாள். அதுவரை நாடாவின் முனையைப் பிடித்து நிற்கும் தாயின் இன்னொரு கையில், உப்புக்கரைசல் ஊட்டக் கரண்டியைக் கொடுத்துவிடுவாள்.

சனிக்கிழமை நவெல் ஜன்னல் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குழந்தையைப் பலகைமேல் உட்காரவைத்தான். டிக்கெட் கேட்கவில்லை.

“நன்றி,” என்றான், வேகமாக.

சொன்ன கையோடு இருவருமே குழந்தையை உற்றுப் பார்த்தார்கள். அம்பாரோ எட்டிப் பிடித்த நாடாவின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.